தவறான வாசலில் நிற்கும் காவல்

டெஸ்க்டாப் நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே ஒரு பாடத்தைக் கேட்டுவிடுகிறார்கள். பயனர் தவறாக எதையாவது அடித்தால் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது பாடம். எண் கேட்கும் கட்டத்தில் எழுத்து விழுந்தால் அந்த விசையை விழுங்கிவிடு. கட்டத்தை விட்டு நகர்ந்தால் உடனே சோதி. சரியில்லையென்றால் ஒரு மெசேஜ் பாக்ஸைக் காட்டி, கர்சரைப் பழைய கட்டத்துக்கே திருப்பித் தள்ளு. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத்தில் இதைச் சொன்னால்தான் தலையாட்டுகிறார்கள். கோடு ரிவ்யூவில் “வேலிடேஷன் எங்கே?” என்று கேட்பவர் தேடுவதும் இதைத்தான். தவறை முளையிலேயே கிள்ளிவிட்டால் டேட்டாபேஸ் சுத்தமாக இருக்கும் என்பது நம்பிக்கை.

இந்தப் பாடம் அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். கொஞ்சம் கெடுபிடியானது, கொஞ்சம் பழையது என்று சொல்லிவிட்டு நகரும் அளவுக்குச் சின்னக் குறை அல்ல. டயலாக் பாக்ஸில் உள்ள கண்ட்ரோல்கள் அனுப்பும் செய்திகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைத் தப்பாகப் படித்ததால் வந்த வினை இது.

செய்திகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். விண்டோஸின் டயலாக் பாக்ஸில் ஒவ்வொரு கண்ட்ரோலும் தனியாக ஒரு குட்டி ஜன்னல். அதில் ஏதாவது நடந்தால் தாய் ஜன்னலுக்கு டபிள்யூஎம்-கமாண்ட் என்ற மெசேஜ் போகும். அதன் டபிள்யூ-பாரம் மதிப்பின் கீழ்ப்பாதியில் கண்ட்ரோலின் எண், மேல்பாதியில் என்ன நடந்தது என்பதற்கான குறியீடு, எல்-பாரத்தில் கண்ட்ரோலின் ஹேண்டில். (16 பிட் காலத்தில் இந்த மூன்றும் வேறு மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. ஹேண்டில் 32 பிட்டாக வளர்ந்ததும் இடம் போதாமல் மாற்றி அடுக்க வேண்டியதாயிற்று. பழைய நிரல்களைப் புதிய விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர்கள் இதில் நன்றாகவே இடறி விழுந்தார்கள்.) எடிட் கண்ட்ரோல் அனுப்பும் முக்கியமான குறியீடுகள் மூன்று. ஈஎன்-செட்ஃபோகஸ் என்றால் கர்சர் என்னிடம் வந்தது. ஈஎன்-சேஞ்ச் என்றால் என்னிடம் உள்ள எழுத்து மாறியது. ஈஎன்-கில்ஃபோகஸ் என்றால் கர்சர் என்னை விட்டுப் போனது. “பயனர் இந்தக் கட்டத்தை முடித்துவிட்டார்” என்று சொல்லும் குறியீடு எடிட் கண்ட்ரோலிடம் கிடையாது. வடிவமைத்தவர்கள் மறந்துபோனதால் இல்லாமல் போகவில்லை. அது கண்ட்ரோலுக்குத் தெரிய வழியே இல்லை. முடித்தேன் என்று பயனர் வாய்திறந்து சொல்வது ஓகே பட்டனில் மட்டும்தான். “போனார்” என்ற செய்தியை “முடித்தார்” என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒரு காவல் ஏற்பாட்டையே கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காவல் யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது?

பெயர், பின்கோடு, தொகை என்று மூன்று கட்டங்கள். கீழே ஓகே, கேன்சல். ஈஎன்-கில்ஃபோகஸ் வரும்போதெல்லாம் சோதிக்கிற நிரல். பயனர் கடைசியாக உள்ள தொகைக் கட்டத்தில் தவறாக எதையோ அடித்துவிட்டு எண்டர் தட்டுகிறார். டயலாக் பாக்ஸுக்கு வரும் விசைகளை இஸ்-டயலாக்-மெசேஜ் என்ற ஃபங்ஷன்தான் முதலில் பார்க்கிறது. டேப் வந்தால் ஃபோகஸை நகர்த்தும். எண்டர் வந்தால் டிஃபால்ட் பட்டனின் எண்ணோடு, அதாவது பெரும்பாலும் ஐடி-ஓகேயோடு, டபிள்யூஎம்-கமாண்டை நேராக அனுப்பிவிடும். இதில் ஃபோகஸ் எங்கும் நகர்வதில்லை; கர்சர் தொகைக் கட்டத்திலேயே துடித்துக்கொண்டிருக்கிறது. ஃபோகஸ் நகராததால் ஈஎன்-கில்ஃபோகஸ் வரவில்லை. அது வராததால் சோதனையும் நடக்கவில்லை. தவறான தொகை உள்ளே போய்விட்டது.

இன்னொரு பயனர். தவறான பெட்டியைத் திறந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்கோடு பாதியில் நிற்கிறது. மவுஸைக் கொண்டுபோய் கேன்சலை அழுத்துகிறார். அழுத்திய கணத்தில் ஃபோகஸ் கேன்சல் பட்டனுக்கு மாறுகிறது, பின்கோடு கட்டம் ஈஎன்-கில்ஃபோகஸ் அனுப்புகிறது, “பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்” என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் குறுக்கே குதிக்கிறது. மவுஸ் பொத்தானை அந்தப் பட்டன்மேல் விடுவித்தால்தான் பிஎன்-கிளிக்டு என்ற செய்தி பிறக்கும். நடுவில் வேறு ஜன்னல் வந்துவிட்டதால் அது பிறக்கவே இல்லை. கேன்சல் அழுத்தியதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விட்டது. எதையும் சேமிக்க வேண்டாம் என்று கிளம்பியவரை மறித்து, சேமிக்கப்போகாத பின்கோடைத் திருத்தச் சொல்கிறது நிரல். தவறைச் சேமிக்க வந்தவரையோ கதவைத் திறந்து விட்டுவிட்டது.

இதைச் சொன்னால் வரும் பதில்: “ஓகேயிலும் இன்னொரு முறை சோதித்துவிடலாமே.” சோதிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அப்படியானால் முதல் சோதனை எதற்கு? ஓகேயில் உள்ள சோதனை எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது. ஃபோகஸ் சோதனையால் கூடுதலாகக் கிடைப்பது கேன்சல் அழுத்துகிறவரை வதைக்கும் வசதி மட்டும்தான்.

கேன்சலோடு நிற்பதில்லை. ஒரு கட்டத்தை விட்டு ஃபோகஸ் போக நூறு காரணங்கள் உண்டு. கணக்கு எண்ணில் பாதியை அடித்துவிட்டு மீதியைப் பார்க்க ஆல்ட்-டேப் அடித்து மின்னஞ்சலுக்குப் போவார் ஒருவர். விண்டோஸில் அப்போதும் ஈஎன்-கில்ஃபோகஸ் வரும். அவர் மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு மெசேஜ் பாக்ஸ் திறந்து, டாஸ்க்பாரில் ஆரஞ்சு நிறத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். இன்னொருவர் கீழே உள்ள பட்டியலில் தன் கிளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து பெயரை எழுதலாம் என்று நினைப்பார். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானோடு ஒரு புதிய டயலாக் பாக்ஸைச் சந்திக்கும்போது செய்யும் முதல் வேலை, டேப் அடித்து அடித்து எல்லாக் கட்டங்களையும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது. பார்வையுள்ளவர் ஒரு பார்வையில் செய்வதை அவர்கள் டேப் விசையால் செய்கிறார்கள். முதல் கட்டம் காலியாக இருக்கிறது என்று சொல்லி அங்கேயே பூட்டிவைத்தால், அந்தப் பெட்டி தங்களிடம் என்னவெல்லாம் கேட்கப்போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்பவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, “முதல்ல பேரை எழுதுய்யா” என்கிற குமாஸ்தாவை நாம் அலுவலகத்தில் பொறுத்துக்கொள்ள மாட்டோம். அதே குமாஸ்தாவை நிரலாக எழுதிவிட்டுத் தரக்கட்டுப்பாடு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

பயனரின் வசதியை விட்டுவிடுவோம். இயந்திரத்தின் வசதியையாவது பார்ப்போம். டபிள்யூஎம்-கில்ஃபோகஸ் பற்றிய மைக்ரோசாஃப்ட் ஆவணமே, அந்தச் செய்தியைக் கையாளும்போது வேறு ஜன்னலைக் காட்டவோ செயலுக்குக் கொண்டுவரவோ கூடாது, செய்தால் நிரல் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் நின்றுபோகலாம் என்று எச்சரிக்கிறது. ஃபோகஸ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நடுவழி அது. விட்ட இடம் விட்டாயிற்று, சேர வேண்டிய இடம் இன்னும் தயாராகவில்லை. அந்த இடைவெளியில் ஒரு மெசேஜ் பாக்ஸைச் செருகுவதென்றால் ஃபோகஸை மூன்றாவது இடத்துக்கு இழுப்பது என்று பொருள். விஷுவல் பேசிக்கில் வேலை செய்த தலைமுறைக்கு இதன் உச்சகட்டக் காட்சி நினைவிருக்கும். இரண்டு டெக்ஸ்ட் பாக்ஸ்கள், இரண்டும் காலி. முதலாவது தன் லாஸ்ட்ஃபோகஸில் “நான் காலி” என்று ஃபோகஸைத் திரும்ப இழுக்கிறது. அதனால் ஃபோகஸை இழந்த இரண்டாவது, “நானும் காலி” என்று தன் பக்கம் இழுக்கிறது. மெசேஜ் பாக்ஸ் மாற்றி மாற்றி முளைத்துக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து நிரலைக் கொல்வதுதான் வழி.

இங்கேதான் பெரும்பாலோர் சொல்லும் மறுமொழி வருகிறது: “அது பழைய கதை. இப்போது ஃபிரேம்வொர்க்கே இதற்கு ஏற்பாடு வைத்திருக்கிறது. தவறென்றால் வைத்திருப்பார்களா?” அந்த ஏற்பாடுகளின் வரலாற்றையே பார்த்துவிடுவோம். 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6, லாஸ்ட்ஃபோகஸ் சண்டையைத் தீர்க்க வேலிடேட் என்ற நிகழ்வைக் கொண்டுவந்தது. கூடவே காசஸ்-வேலிடேஷன் என்ற பண்பையும் கொண்டுவர வேண்டியிருந்தது. எதற்கு? கேன்சல், ஹெல்ப் பட்டன்களில் அதைப் பொய் என்று குறித்தால்தான் பயனரால் அவற்றைத் தொட முடியும் என்பதற்கு. ஜாவாவின் ஸ்விங்கில் இன்புட்-வெரிஃபையர் வந்தது. அதனோடு, இந்தப் பட்டனுக்குப் போகும்போது மட்டும் சோதிக்காதே என்று சொல்ல ஒரு தனி மெத்தடும் வந்தது. டாட்நெட்டின் வின்ஃபார்ம்ஸில் வேலிடேட்டிங் நிகழ்வு. அதற்கும் அதே காசஸ்-வேலிடேஷன். ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் மூட விடாமல் அது மறித்ததால், ஃபார்ம்-குளோசிங்கில் அந்த மறிப்பை மறுபடி ரத்துசெய்யும் வரியை எழுதுவது ஒரு சடங்காகவே ஆயிற்று. 2005-இல் டாட்நெட் 2.0 ஆட்டோ-வேலிடேட் என்ற பண்பைச் சேர்த்தது. அதில் ஒரு தேர்வு, சோதனை தோற்றாலும் ஃபோகஸ் நகரலாம் என்பது. யோசித்துப் பாருங்கள்: பூட்டை விற்ற மூவரும் கூடவே அதை உடைக்கும் கருவியையும் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஃபிரேம்வொர்க் செய்தவர்களைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்கள் என் பக்கம்தான் பேசுகிறார்கள்.

க்யூட் நூலகத்தில் இன்னும் நேர்மையான சாட்சி இருக்கிறது. அதன் க்யூ-வேலிடேட்டர் ஒரு உள்ளீட்டைச் சரி, தவறு என்று இரண்டாகப் பிரிப்பதில்லை. மூன்று நிலைகள்: ஏற்கத்தக்கது, செல்லாதது, இரண்டுக்கும் நடுவில் ‘இடைநிலை’. 10 முதல் 99 வரை எண் கேட்கும் கட்டத்தில் 4 மட்டும் இருந்தால் அது தவறல்ல. 42 ஆகப்போகும் வழியில் இருக்கலாம். மனிதர் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்துக்கு இயல்பான நிலை இந்த இடைநிலைதான் என்பதை அந்த நூலகம் புரிந்துவைத்திருக்கிறது. நம் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் வேலிடேஷனில் இந்த மூன்றாவது நிலை ஏன் இல்லை என்று நான் கேட்கும்போதெல்லாம், அது ‘ஓவர் டிசைன்’ என்ற பதில் வருகிறது.

விசையை விழுங்கும் வடிகட்டிக்கு வருவோம். அதுவும் இந்தப் பாடத்தின் செல்லப்பிள்ளை. எண் மட்டும் ஏற்கும் கட்டம் வேண்டுமென்றால் எடிட் கண்ட்ரோலுக்கு ஈஎஸ்-நம்பர் என்ற பாணியைக் கொடுக்கலாம். அது இலக்கங்களை மட்டும் விடும், மைனஸ் குறியையும் தசமப் புள்ளியையும்கூட விடாது. ஆனால் வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் எதுவும் உள்ளே வரும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. விரலை மறிக்கிறது, கிளிப்போர்டை விட்டுவிடுகிறது. “அப்படியானால் ஒட்டுவதையும் தடுத்துவிடுவோம்” என்று அடுத்த படிக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள்தான் 15 இலக்கக் கணக்கு எண்ணைக் கையால் அடிக்கவைத்து, ஒட்டினால் வராத தவறுகளைத் தாங்களே உற்பத்தி செய்கிறவர்கள்.

எழுத்துக் கட்டங்களில் இந்த வடிகட்டி செய்யும் சேதத்தைத் தமிழில் அடிக்கிறவர்கள்தான் நன்றாக அறிவார்கள். பெயர்க் கட்டத்தில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று கேட்டால் டாட்நெட் புரோகிராமர் கேரக்டரின் இஸ்-லெட்டர் ஃபங்ஷனைக் கூப்பிடுவார். யூனிகோடில் த, ம, ழ ஆகியவை எழுத்து வகை. இகரக் குறியும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை. அவை ‘குறி’ என்ற வேறு வகை. விசைக்கு விசை வடிகட்டும் அந்த நிரலில் ‘தமிழ்’ என்று அடித்துப் பார்த்தால் திரையில் ‘தமழ’ என்று நிற்கும். புரோகிராமர் ஆங்கிலத்தில் சோதித்திருப்பார், அவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும்.

ஒவ்வொரு ஈஎன்-சேஞ்சிலும் எழுத்தைத் திருத்தி எழுதும் நிரல்கள் இன்னும் மோசம். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகளில் ஒலிபெயர்ப்பு முறையில் ‘கி’ அடிக்கும்போது, முதல் விசைக்கு ‘க்’ விழும். அடுத்த விசை வந்ததும் கருவி புள்ளியை அழித்துவிட்டு இகரக் குறியை இடும். பயனர் எழுதியது ஒரே எழுத்து. நிரலுக்குத் தெரிவதோ ‘க்’, பிறகு ‘க’, பிறகு ‘கி’ என்ற மாற்றங்கள். நடுவில் நுழைந்து, ஓரத்து இடைவெளிகளை வெட்டுகிறேன், வடிவத்தைச் சீர்செய்கிறேன் என்று எழுத்தை எடுத்துத் திரும்ப வைக்கும் நிரல், கர்சரைக் கட்டத்தின் தொடக்கத்துக்குத் தள்ளிவிடும். அதற்கடுத்து வரும் அழிப்பும் சேர்ப்பும் தப்பான இடத்தில் விழும். ‘தமிழில் அடித்தால் இந்த மென்பொருளில் எழுத்து உடைகிறது’ என்று பயனர் எழுத்துருவைத் திட்டுவார், விசைப்பலகைக் கருவியைத் திட்டுவார். உண்மையான குற்றவாளி, அவர் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரியாத ஈஎன்-சேஞ்ச் ஹேண்ட்லர்.

நீளக் கட்டுப்பாடும் அப்படியே. ஈஎம்-செட்லிமிட்டெக்ஸ்ட் என்ற செய்தியால் ஒரு கட்டத்தின் நீளத்தை வரையறுக்கலாம். அது எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, எழுத்துகளை அல்ல. ‘கிருஷ்ணமூர்த்தி’ நமக்கு 8 எழுத்து. நிரலுக்கு 15 அலகு. பத்து என்று வரம்பு வைத்த கட்டத்தில் ‘கிருஷ்ணமூர’ வரை வந்து, அதற்குமேல் எந்த விசையும் ஏறாது. ஒருவருடைய பெயர் ஏன் பாதியில் நின்றது என்று அவருக்குச் சொல்ல அந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை, ஒரு பீப் ஒலியைத் தவிர. வரம்பு தேவைதான், டேட்டாபேஸ் நெடுவரிசைக்கு நீளம் உண்டு. ஓகே அழுத்தியபின், “இந்தப் பெயர் இங்கே கொள்ளாது, சுருக்கி எழுதுங்கள்” என்று சொல்லியிருந்தால் அவரே முடிவெடுத்திருப்பார்.

செய்தியைத் தப்பாகப் படிக்கும் நோய் மற்ற கண்ட்ரோல்களிலும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஎன்-சேஞ்ச் பயனரால் மட்டும் வருவதில்லை. டபிள்யூஎம்-இனிட்-டயலாக்கில் நாமே கட்டங்களை நிரப்பும்போதும் அது வருகிறது. யாரும் எதையும் தொடாமலே ‘அப்ளை’ பட்டன் விழித்துக்கொள்ளும் ப்ராப்பர்ட்டி ஷீட்டுகளுக்கு இதுதான் காரணம். காம்போ பாக்ஸின் சிபிஎன்-செல்சேஞ்ச் ‘பயனர் தேர்ந்தெடுத்துவிட்டார்’ என்று படிக்கப்படுகிறது. மூடிய காம்போவில் அம்புக்குறி விசையால் அரியலூரிலிருந்து வேலூருக்குப் போகிறவர் வழியில் உள்ள எல்லா மாவட்டங்களையும் ‘தேர்ந்தெடுத்துக்கொண்டே’ போகிறார். ஒவ்வொன்றுக்கும் சர்வரில் போய் வட்டங்களின் பட்டியலை எடுத்துவரும் நிரலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் செய்தி வரும் நேரத்தில் காம்போவின் எடிட் பகுதியில் இன்னும் பழைய எழுத்துதான் இருக்கும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணி.

இதெல்லாம் எரிச்சல்தானே, யாருக்கு உயிர் போனது என்று கேட்கலாம். டயலாக் பாக்ஸ் இல்லை, விண்டோஸும் இல்லை. ஆனால் இதே வாசிப்புத் தவறு உயிரைப் பறித்த வழக்கு ஒன்று இருக்கிறது. தெரக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரத்தை கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அது ஆறு நோயாளிகளுக்கு அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவற்றில் இரண்டு, 1986-இல் டெக்சாஸின் டைலர் நகரத்தில். இயக்குபவர் ஒரு விடி-100 முனையத்தில் சிகிச்சை விவரங்களைக் கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். எலக்ட்ரான் என்று குறிக்க வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் எக்ஸ்-ரே என்று அடித்துவிட்டார். கடைசி வரிக்கு வந்தபின் கவனித்து, கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்திவிட்டு, வேகமாகக் கீழே வந்தார். விவரங்கள் அடித்து முடிந்தனவா என்பதை நிரல் எப்படி முடிவுசெய்தது தெரியுமா? கர்சர் கடைசி வரியில் இருக்கிறதா என்று பார்த்து. கர்சர் அங்கே ஒருமுறை வந்ததும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, காந்தங்களை நிலைப்படுத்தும் வேலையைத் தொடங்கிவிட்டது. அதற்குச் சுமார் 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் நடந்த திருத்தம் திரையில் தெரிந்தது. இயந்திரத்தின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. டைலரில் அந்தக் கதிர்வீச்சுக்கு ஆளான இருவரும் இறந்தார்கள்.

அந்த விபத்துகளுக்குக் காரணம் ஒன்றல்ல. முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடம் ஒப்படைத்தது பெருங்குற்றம். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அதையெல்லாம் விரிவாக அலசுகிறது. என் வாதத்துக்கு வேண்டியது இரண்டு துணுக்குகள். கர்சர் இருக்கும் இடத்தை வைத்து மனித எண்ணத்தை ஊகித்தது ஒன்று. மற்றது, திரையில் வந்த ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி. அந்த இயந்திரம் நாள்தோறும் இப்படி அர்த்தம் புரியாத செய்திகளைக் காட்டிக்கொண்டே இருந்ததால், ஒரு விசையைத் தட்டி அவற்றைத் தாண்டிப்போவது இயக்குபவர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கட்டத்துக்குக் கட்டம் மெசேஜ் பாக்ஸ் காட்டும் நிரல்களும் பயனரின் கையை அதே பழக்கத்துக்குத்தான் பயிற்றுகின்றன. பத்தாவது முறை அவர் படிக்க மாட்டார். படிக்க வேண்டிய ஒரே செய்தி பதினோராவதாக வந்தால் அதையும் தட்டிவிட்டுப் போவார்.

மெசேஜ் பாக்ஸ் அநாகரிகம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இப்போது வேறொரு ஏற்பாட்டுக்குத் தாவியிருக்கிறார்கள்: எல்லாக் கட்டமும் சரியாகும்வரை ஓகே பட்டனை மங்கலாக்கிவைப்பது. நாகரிகமான தோற்றம், அதே பழைய மறிப்பு. மங்கலான பட்டன் காரணம் சொல்லாது. எண்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. பதினான்கு கட்டங்களில் எது பிடிக்கவில்லை என்று பயனர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். அழுத்த விட்டு, என்ன குறை என்று சொல்வது எந்த விதத்தில் ஆபத்து?

எதிர்த்தரப்பில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். தவறை முன்கூட்டியே தெரிந்துகொள்வது பயனருக்கு நல்லது. ஓகே அழுத்தும்வரை மௌனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிவிப்பதையும் தடுப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதைத்தான் எதிர்க்கிறேன். ஈஎன்-கில்ஃபோகஸ் வந்ததும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி, ஒரு வரி விளக்கம் காட்டுங்கள். வின்ஃபார்ம்ஸில் எரர்-ப்ரொவைடர் அதற்கென்றே இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி முதல் எடிட் கண்ட்ரோலே பலூன் குறிப்பு காட்டும். ஃபோகஸைத் தொடாதவரை, விசையை விழுங்காதவரை இவற்றில் தீங்கு இல்லை. அலுவலகங்களில் தாளைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் அடிக்கும் டேட்டா என்ட்ரி ஊழியர்களுக்கு உடனடித் தடை தேவை என்றொரு வாதமும் உண்டு. அவர்கள் திரையையே பார்ப்பதில்லை. தாளில் கண் இருக்கும்போது குதிக்கும் மெசேஜ் பாக்ஸ் அடுத்த சில விசைகளைத் தின்றுவிடும். அவர் அடித்த எண்டரே அதை மூடிவிடும். எந்த வரியில் எது போனது என்பது யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு உதவ நினைத்தால் ஒரு ஒலி போதும்.

சுத்தமான டேட்டா என்ற வாதம்தான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. கட்டத்துக்குள் பூட்டப்பட்டவர் உண்மையைத் தேடிக்கொண்டுவந்து எழுதுவதில்லை. வெளியே வர எது உதவுமோ அதை எழுதுகிறார். 9999999999 என்ற கைபேசி எண்ணும், 01-01-1900 என்ற பிறந்த தேதியும், முன்னெழுத்து மட்டுமே உள்ள தமிழருக்கு ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் விழும் ஒற்றைப் புள்ளியும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? காலியாக விட்டிருந்தால் பிறகு யாராவது கேட்டு நிரப்பியிருக்கலாம். இப்போது அது வேலிடேஷனில் தேறிய டேட்டா; யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்பதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஐடி-ஓகே வரட்டும். எல்லாக் கட்டங்களையும் அப்போது படியுங்கள். கெட்-டிஎல்ஜி-ஐட்டம்-இன்ட் பயன்படுத்தினால் அதன் வெற்றி-தோல்விக் கொடியையும் பாருங்கள். அதைப் பார்க்காதவர்களின் நிரலில் ‘பத்து’ என்று அடித்தாலும் பூஜ்யம்தான். குறைகளை ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் காட்டுங்கள். எம்எஃப்சி நூலகத்தின் டிடிவி சோதனை இந்த நேரத்தைச் சரியாகப் பிடித்திருந்தது, ஓகேயில்தான் சோதித்தது. முதல் குறையிலேயே நின்று, ஒரு மெசேஜ் பாக்ஸ், திருத்தினால் அடுத்த மெசேஜ் பாக்ஸ் என்று இழுத்ததில்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டது. முதல் குறையுள்ள கட்டத்துக்கு ஃபோகஸைக் கொண்டுபோக செட்ஃபோகஸை அழைக்காமல் டபிள்யூஎம்-நெக்ஸ்ட்-டிஎல்ஜி-சிடிஎல் அனுப்புங்கள். டிஃபால்ட் பட்டனின் தடித்த கரை இடம் தவறாது. எண்ட்-டயலாக்கை அழைக்காமல் திரும்புங்கள், பெட்டி திறந்தே இருக்கும். ஐடி-கேன்சல் வந்தால் எதையும் கேட்காமல் மூடிவிடுங்கள்.

இதை நம்பாதவர்கள் தங்கள் நிரலிலேயே சோதித்துக்கொள்ளலாம். எந்த டயலாக் பாக்ஸையாவது திறந்து, ஒரு கட்டத்தில் பாதி அடித்துவிட்டு மவுஸால் கேன்சலை அழுத்துங்கள். மறுபடி திறந்து, பாதியில் ஆல்ட்-டேப் அடித்துப் போய்வாருங்கள். ஒன்றையும் நிரப்பாமல் டேப் விசையால் கடைசிவரை போக முடிகிறதா பாருங்கள். எண் கட்டத்தில் ஒரு தமிழ்ப் பெயரை ஒட்டுங்கள், பெயர்க் கட்டத்தில் அதையே அடியுங்கள். பிறகு கடைசிக் கட்டத்தில் வேண்டுமென்றே ஒரு தவறான மதிப்பை அடித்து, டேப் தொடாமல் எண்டர் தட்டிவிட்டு, டேட்டாபேஸில் என்ன விழுந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.